மலிவுக் கணிப்பொறியும் மயக்கும் பெயர்களும்

தென்காசியிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி வழியாக வடக்கே இராஜபாளையம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் வாசுதேவநல்லூர். இதைப் போன்ற சிற்றூர்களில், சொந்தமாக ஒரு மேசைக் கணிப்பொறி வாங்க வேண்டும் என்று எண்ணும் இளைஞர்கள் இன்று பலர். அவர்கள் சொல்லும் தேவைகள் பெரும்பாலும் இரண்டேயாகும். ஒன்று, டிசைன் வேலை. கோயில் கொடை நோட்டீசு, திருமண அழைப்பிதழ், ஃபிளெக்ஸ் தட்டி, சிவகாசி அச்சகங்களுக்குரிய நாள்காட்டிப் படம் என்று இவ்வேலைக்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. மற்றொன்று, விளையாட்டு. முன்னது பிழைப்பு, பின்னது பொழுதுபோக்கு. இரண்டும் ஒரே பெட்டியில், கைக்கு எட்டிய விலையில் கிடைக்க வேண்டும் என்பது நியாயமான ஆசையே.

இதற்குச் செலவாகும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு போக நெல்லையோ எலுமிச்சையையோ விற்ற பணமாக இருக்கலாம். தாயார் மகளிர் குழுவில் வாங்கிய கடனாகவும் இருக்கலாம். தவறான கணிப்பொறியை வாங்கிவிட்டால், அதைத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்க இக்குடும்பங்களால் இயலாது. தொழில் கற்றுக்கொள்ள வேண்டிய ஓராண்டு, திரை அசையாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே கழிந்துவிடும். தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011 முதல் அலுவலகம் நடத்தி வருகிறது. நகரத்துக்குப் போகாமலே கணிப்பொறியால் பிழைக்கலாம் என்னும் நம்பிக்கை இம்மாவட்டத்தில் வீண் நம்பிக்கையன்று. ஆனால் அதற்குக் கருவி சரியாக அமைய வேண்டும்.

'டிசைனிங், கேமிங் இரண்டுக்கும் ஏற்ற கணிப்பொறி, மிகக் குறைந்த விலையில்' என்னும் விளம்பர அட்டைகளை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அவற்றின் பொது வடிவம் இது: ஐ7 பிராசஸர், 16 ஜி.பி. ராம், 4 ஜி.பி. கிராஃபிக்ஸ் கார்டு, 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.; வண்ண விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டி. ஒரு நூலை மதிப்பிடுவது போல, இந்த அட்டையை வரிவரியாக எடுத்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எந்தக் கடைக்காரரையும் குறை கூறுவது நோக்கமன்று. அட்டையின் மொழியே இங்கு விமரிசனத்துக்கு உரியது.

குளமும் மடையும்

அட்டையைத் தொடுமுன் ஓர் அளவுகோலை வகுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் குளத்துப் பாசனம் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. ஒரு குளத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். அதில் எவ்வளவு நீர் நிற்கும்? அதன் மடை வழியே ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நீர் வெளியே பாயும்? குளம் கடல்போலக் கிடந்தாலும் மடை ஒரு சாண் அகலமே என்றால் கடைசி வயல் காய்ந்துதான் போகும்.

கணிப்பொறியின் நினைவகமும் இப்படியே. ஜி.பி. என்பது குளத்தின் கொள்ளளவு. ஒரு விநாடிக்கு எத்தனை ஜி.பி. தகவல் உள்ளும் புறமும் போய்வர முடியும் என்பது மடையின் அகலம். விளம்பர அட்டைகள் குளத்தை மட்டும் சொல்லுகின்றன, மடையைச் சொல்வதில்லை. இந்த ஒரு குறையை மனத்தில் வைத்துக்கொண்டால் அட்டையின் பெரும்பாலான மயக்கங்கள் தெளிந்துவிடும்.

டிசைன் வேலை முக்கியமாகக் கேட்பது பெரிய குளம். கணக்கைப் பாருங்கள். 10 அடி அகலம், 6 அடி உயரமுள்ள ஒரு ஃபிளெக்ஸ் தட்டியை அங்குலத்துக்கு 72 புள்ளி வீதம் தயாரிப்பதாகக் கொள்வோம். அகலத்தில் 8,640 புள்ளி, உயரத்தில் 5,184 புள்ளி. மொத்தம் ஏறத்தாழ 4 கோடியே 48 இலட்சம் புள்ளிகள். அச்சுக்குரிய நான்கு வண்ணங்களுக்குப் புள்ளி ஒன்றுக்கு 4 பைட் என்றால், தட்டி முழுவதையும் நிரப்பும் ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ 18 கோடி பைட், அதாவது 180 எம்.பி. வேண்டும். தலைவர் படம், பின்னணி, பூ, எழுத்து, நிழல் என்று இப்படிப்பட்ட அடுக்குகள் 20 ஆனால் 3.6 ஜி.பி. ஆயிற்று. அதே தட்டியை அங்குலத்துக்கு 150 புள்ளி வீதம் செய்தால் தேவை நான்கு மடங்குக்கும் மேலாகி 15 ஜி.பி.யைத் தாண்டிவிடும். இதற்குமேல் விண்டோஸுக்கும் பிற மென்பொருள்களுக்கும் இடம் வேண்டும்.

விளையாட்டு கேட்பதோ அகலமான மடை. 1920-க்கு 1080 புள்ளிகள் உள்ள திரையில் ஒரு காட்சிக்கு 20,73,600 புள்ளிகள். ஆட்டம் தடங்கலின்றி ஓட ஒரு விநாடிக்கு 60 காட்சிகளாவது வரைய வேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் ஒரே முறை எழுதினாலே விநாடிக்கு ஏறத்தாழ அரை ஜி.பி. ஆகிறது. ஆனால் ஓர் ஆட்டத்தில் சுவர், நிழல், ஒளி, புகை என்று ஒரே புள்ளியைப் பல முறை கணக்கிட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் மேற்பரப்புப் படங்களைப் படித்தெடுக்கவும் வேண்டும். இத்தனையும் 60-இல் ஒரு பங்கு விநாடிக்குள் முடிய வேண்டும். இங்கே பாய்வு வேகமே உயிர்நாடி. இனி அட்டைக்கு வருவோம்.

'ஐ7 பிராசஸர்'

ஐ7 என்பது ஒரு பிராசஸரின் பெயரன்று. 2008 முதல் இன்டெல் நிறுவனம் தலைமுறை தலைமுறையாக வெளியிட்ட ஒரு வரிசையின் பெயர். 'அம்பாசடர் கார்' என்று சொன்னால் எந்த ஆண்டு வண்டி என்று கேட்போம் அல்லவா? அதுபோல இங்கும் கேட்க வேண்டும்.

மலிவு அட்டைகளில் வரும் ஐ7 பெரும்பாலும் 2011 ஜனவரியில் வெளியான ஐ7-2600 போன்ற இரண்டாம் தலைமுறைச் சில்லாகும். நான்கு மையங்கள், எட்டு இழைகள், 3.4 கிகாஹெர்ட்ஸ் வேகம். அதன் காலத்தில் மிகச் சிறந்த சில்லு என்பதில் ஐயமில்லை. ஆனால் 2022 ஜனவரியில் வெளியான ஐ3-12100 என்னும் 'சிறிய' சில்லுக்கும் அதே நான்கு மையங்கள், அதே எட்டு இழைகள்தாம். ஒரு மையம் தனித்துச் செய்யும் வேலையை ஒப்பிட்டால், பின்னது முன்னதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு செய்யும். ஒரு துடிப்பில் அது செய்து முடிக்கும் வேலை கூடுதல். துடிப்பின் வேகமும் 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும். ஆக, இங்கே 3 என்பது 7-ஐவிடப் பெரிது.

பழைமையால் வரும் வேறு தடைகளும் உண்டு. 2013-இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்துதான் ஏ.வி.எக்ஸ்.2 என்னும் கட்டளைத் தொகுதி இன்டெல் சில்லுகளில் சேர்ந்தது. இதை எதிர்பார்த்து எழுதப்படும் புதிய மென்பொருள்களும் ஆட்டங்களும் பழைய சில்லில் திறக்கவே மாட்டா. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெல் எட்டாம் தலைமுறை முதலான சில்லுகளையே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருபவர்கள் உண்டு. ஆனால் வேலோரன்ட் போன்ற ஆட்டம் விண்டோஸ் 11-இல் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பைக் கேட்கும். அது இல்லாத பழைய போர்டில் ஆட்டம் தொடங்காது. விளையாட்டுக்காகவே வாங்கிய பெட்டியில் விளையாட்டே ஓடாவிட்டால் என்ன பயன்?

பழைய ஐ7-ஐ முற்றிலும் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. லினக்ஸ் ஏற்றிக்கொண்டால் தட்டச்சு, பாடம், சிறிய அளவிலான வரைகலை ஆகியவற்றுக்கு அது இன்றும் உதவும். குறை அதன் வயதில் இல்லை. வயதை மறைத்துப் பெயரை மட்டும் சொல்வதில்தான் இருக்கிறது.

'16 ஜி.பி. ராம்'

அட்டையில் மிக நேர்மையான வரி இதுவே எனலாம். டிசைன் வேலைக்கு 16 ஜி.பி. பொருத்தமான அளவு என்பது மேலே கண்ட கணக்கிலிருந்து தெரியும். ஆயினும் மடையைக் கேளுங்கள்.

பழைய ஐ7 ஏற்பது டி.டி.ஆர்.3 ராம். அதில் இரண்டு குச்சிகள் போட்டாலும் கிடைக்கும் உச்சப் பாய்வு விநாடிக்கு ஏறத்தாழ 21 ஜி.பி. தான். டி.டி.ஆர்.4-இல் 3200 வகைக் குச்சி ஒன்று ஒரு விநாடியில் 320 கோடி முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட் வீதம் கொடுக்கும். அதாவது 25.6 ஜி.பி. இரண்டு குச்சிகளை உரிய இரண்டு துளைகளில் பொருத்தினால் 51.2 ஜி.பி. ஆகிறது.

இதில் ஒரு நடைமுறைப் பாடம் உள்ளது. 16 ஜி.பி. குச்சி ஒன்றும், 8 ஜி.பி. குச்சிகள் இரண்டும் கொள்ளளவில் சமம். பாய்வில் பின்னது இரு மடங்கு. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசஸருக்குள் அமைந்த கிராஃபிக்ஸையே நம்பியிருக்கும் கணிப்பொறிக்கு இது வாழ்வா சாவா என்னும் வேறுபாடாகும். ஏனெனில் அந்தக் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. ராமிலிருந்துதான் அதுவும் நீர் இறைக்க வேண்டும். 'பிறகு இன்னொரு குச்சி சேர்த்துக்கொள்ளலாம்' என்று ஒற்றைக் குச்சியோடு விற்பது வழக்கம். அந்தப் 'பிறகு' வரும்வரை ஆட்டங்கள் பாதி வேகத்தில் தவழும்.

செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்கு நினைவகச் சில்லுகள் பெருமளவில் திருப்பி விடப்பட்டதால் 2025-இன் இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. சில்லு உற்பத்தியாளரான மைக்ரான், 'குரூஷியல்' என்னும் பெயரில் பொதுமக்களுக்குச் செய்துவந்த விற்பனையைக் கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகையால் ராமுக்கு அன்றன்றைய விலையைக் கேட்டறிந்தே கணக்குப் போட வேண்டும். பழைய விலைப்பட்டியல்கள் உதவமாட்டா.

'4 ஜி.பி. கிராஃபிக்ஸ் கார்டு'

அட்டையில் மிகவும் மயக்குகின்ற வரி இது. மலிவுப் பெட்டிகளில் அதிகம் காணப்படும் கார்டுகளுள் ஒன்று என்விடியா நிறுவனத்தின் ஜி.டி. 730, 2014-இல் வெளியானது. இப்பெயரில் ஒன்றல்ல, மூன்று வேறு கார்டுகள் வந்தன. முதலாவதில் 96 கணக்கிடும் அலகுகள். பாய்வு விநாடிக்கு 28.8 ஜி.பி. இரண்டாவதில் 384 அலகுகள். பாய்வு வெறும் 14.4 ஜி.பி. மூன்றாவதிலும் 384 அலகுகள், ஆனால் ஜி.டி.டி.ஆர்.5 நினைவகம் கொண்டதால் பாய்வு 40 ஜி.பி. பெட்டியின்மேல் மூன்றுக்கும் ஒரே பெயர்.

இவற்றுள் 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 நினைவகத்தோடு வரும் இரண்டாம் வகையை எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம். விநாடிக்கு 14.4 ஜி.பி. என்றால், ஒரு காட்சிக்குரிய 60-இல் ஒரு பங்கு விநாடியில் பாயக்கூடியது 0.24 ஜி.பி. 4 ஜி.பி. நினைவகத்தில் ஏறத்தாழ 17-இல் ஒரு பங்கை மட்டுமே ஒரு காட்சிக்குள் தொட முடியும்! முழு 4 ஜி.பி.யையும் ஒரு முறை படிக்க வேண்டுமானால் விநாடிக்கு நான்கு காட்சிகள்கூட வரைய இயலாது. குளம் பெரிதாக வெட்டப்பட்டது. மடையோ பழைய மடையே. விற்பனைக்காக வெட்டிய குளம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க, 2021 அக்டோபரில் வெளியான ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6600 கார்டைக் கொள்வோம். நினைவகம் 8 ஜி.பி.; பாய்வு விநாடிக்கு 224 ஜி.பி. கொள்ளளவு இரு மடங்கு. பாய்வோ 15 மடங்குக்கும் மேல். அட்டையில் 4, 8 என்ற எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பதினைந்து மடங்கு கண்ணில் படவே படாது.

ஒரே பெயரில் தரம் தாழ்ந்த பொருளை வெளியிடும் பழக்கம் ஜி.டி. 730-உடன் நின்றுவிடவில்லை. 2017-இல் வந்த ஜி.டி. 1030-இன் பாய்வு 48 ஜி.பி. அடுத்த ஆண்டே அதே பெயரில் டி.டி.ஆர்.4 நினைவகம் வைத்த கார்டு வந்தது; பாய்வு 16.8 ஜி.பி. 2022-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050-இல் 8 ஜி.பி. நினைவகமும் 2,560 அலகுகளும் 224 ஜி.பி. பாய்வும் இருந்தன. 2024-இல் அதே பெயரில் வந்த 6 ஜி.பி. கார்டில் அலகுகள் 2,304, பாய்வு 168. இதைப் பார்ப்பவர், நினைவகம் மட்டுமே 2 ஜி.பி. குறைந்தது என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அலகுகளும் குறைந்தன, மடையும் குறுகிற்று. பின்னதற்கு மின்தேவை 70 வாட் மட்டுமே என்பதால் சிறிய எஸ்.எம்.பி.எஸ். உள்ள பெட்டிக்கு அது நல்ல துணை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் வேறு பொருளுக்கு வேறு பெயர் வைப்பதே முறை. இக்குற்றம் உள்ளூர்க் கடைக்காரருடையதன்று, உற்பத்தி நிறுவனத்தினுடையது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜி.டி. 710-உம், 384 அலகுகள் கொண்ட ஜி.டி. 730-உம் கெப்ளர் என்னும் தலைமுறையைச் சேர்ந்தவை. புதிய ஆட்டங்களுக்கான டிரைவர் மென்பொருளை இத்தலைமுறைக்கு வெளியிடுவதை என்விடியா 2021-இல் நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 செப்டம்பரோடு முடிந்தன. புதுப் பெட்டியில், புது உறையில் வந்தாலும் அது ஓய்வுபெற்ற கார்டே.

'1 டி.பி. ஹார்ட் டிஸ்க்'

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி விநாடி ஆகும். வேண்டிய தகவல் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முள் இடம் மாறவும் நேரம் பிடிக்கும். ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை ஒரு விநாடியில் ஏறத்தாழ நூறு முறைகூடப் படித்தெடுக்க இயலாது. சுழலும் பகுதியே இல்லாத எஸ்.எஸ்.டி.க்கு ஒரு முறைக்கு மில்லி விநாடியின் பத்தில் ஒரு பங்கு அளவே போதும். விண்டோஸும் டிசைன் மென்பொருள்களும் திறப்பதில் உள்ள காலதாமதம் முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கும்.

எனவே 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ள பெட்டியைவிட 256 அல்லது 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ள பெட்டி மேலானது. பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று கையிலிருந்தால் முடிந்த வேலைகளைச் சேமித்து வைக்க அது பயன்படட்டும். வாடிக்கையாளரின் கோப்புகளை இரண்டு இடங்களில் வைப்பது தொழிலுக்கு நல்லதுமாகும்.

'450 வாட்', வண்ண விளக்கு

வாங்குவோர் யாரும் கேட்காத உறுப்பு எஸ்.எம்.பி.எஸ்.; பழுதானால் மற்ற உறுப்புகளையும் உடன்கொண்டு போகும் உறுப்பும் அதுவே. அதன் பக்கவாட்டில் ஒட்டியுள்ள தாளைப் படிக்க வேண்டும். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் மின்சாரம் பெறுவது 12 வோல்ட் வழியில். எடுத்துக்காட்டாக, மேலே 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டு, கீழே 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். உண்மையில் நமக்கு உதவுவது அவ்வளவே. ஆர்.எக்ஸ். 6600 போன்ற ஒரு கார்டு மட்டுமே 132 வாட் கேட்கும். '80 பிளஸ்' சான்று பெற்ற, பெயர் தெரிந்த நிறுவனத்தின் எஸ்.எம்.பி.எஸ். வாங்குவது ஆடம்பரமன்று, காப்பீடு.

மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் யு.பி.எஸ்.-உம் வேண்டும். அதிலும் ஒரு மயக்கம் உண்டு. 600 வி.ஏ. என்பது 600 வாட் அன்று. இத்தகைய சிறு யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் 360 வாட் அளவே. ஐப்பசி, கார்த்திகை இடிமழையின்போது இணைப்பைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுவது எந்தக் கருவியைவிடவும் சிறந்த பாதுகாப்பு.

கண்ணாடிப் பெட்டியும் வண்ண விளக்கும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காட்சியையும் அவை வேகமாக வரைவதில்லை. முன்புறம் முழுக்கக் கண்ணாடியால் மூடிய பெட்டிகளில் காற்றோட்டமும் குறையும். தென்காசி, குற்றாலம் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் பலத்த காற்றும் ஈரமும் சேர்ந்தே வரும். தூசி ஈரத்தோடு விசிறியில் படியும். முன்புறம் கம்பிவலையும் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ள எளிய பெட்டியே இங்கு ஏற்றது. விளக்குக்குக் கொடுக்கும் பணத்தை எஸ்.எம்.பி.எஸ்.-க்குக் கொடுங்கள்.

அட்டையில் இல்லாத வரிகள்

ஒரு நூலில் எழுதப்படாதவற்றையும் விமரிசகர் கவனிக்க வேண்டும். அட்டையில் இரண்டு செய்திகள் இல்லை.

முதலாவது, மதர்போர்டு. பழைய ஐ7-உடன் வருவது 2011-இல் அறிமுகமான எச்61 வகைப் போர்டு. அறியாத பெயர்களில் புதிதாகத் தயாரிக்கப்பட்டு இன்றும் விற்பனைக்கு வருகிறது. 'புதிய போர்டு' என்பது அச்சுப்படி உண்மை. ஆனால் அதன் அமைப்பு பழையது. அதில் இரண்டாம், மூன்றாம் தலைமுறைச் சில்லுகளுக்கு மேல் எதுவும் பொருந்தாது. எஸ்.எஸ்.டி.யின் வேகத்தையும் அதன் பழைய இணைப்பு பாதியாகக் குறைக்கும். இது வளர வழியில்லாத மரம்.

இரண்டாவது, மானிட்டர். டிசைன் செய்பவருக்குக் கண்ணே மானிட்டர்தான். மலிவான டி.என். வகைத் திரையில் தலையைச் சற்று உயர்த்தினாலே நிறம் மாறித் தோன்றும். திரையில் குங்குமச் சிவப்பாக இருந்தது அச்சில் செங்கல் நிறமாக வந்தால் இழப்பு டிசைனருக்கே. ஐ.பி.எஸ். வகையும், எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் நிற வரம்பு முழுவதையும் காட்டும் திறனும் உள்ள திரையைக் கேட்டு வாங்க வேண்டும். கணிப்பொறியை மாற்றினாலும் நல்ல மானிட்டர் அடுத்த கணிப்பொறிக்கும் உழைக்கும்.

வீட்டுக்கு ஓர் ஒப்பந்தப்புள்ளி

2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றை வாங்கும் பொறுப்பு எல்காட் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. அரசு நிறுவனம் கடைக்குப் போய் 'நல்ல கணிப்பொறி கொடுங்கள்' என்று கேட்பதில்லை. ஒவ்வோர் உறுப்பும் எப்படியிருக்க வேண்டும் என்று எழுதி ஒப்பந்தப்புள்ளி கோருகிறது. இலட்சக்கணக்கில் வாங்குபவருக்குப் பொருந்தும் இம்முறை ஒன்றே ஒன்று வாங்குபவருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். அரசு ஒரு பெட்டி பழுதானால் தாங்கும், குடும்பம் தாங்காது. எனவே ஒரு வெள்ளைத் தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

1. பிராசஸரின் முழு எண். எண்ணின் இறுதியில் எஃப் என்னும் எழுத்து உள்ள இன்டெல் சில்லில் கிராஃபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாவிட்டால் திரை இருட்டாகவே இருக்கும்.
2. மதர்போர்டின் வகையும், அது ஏற்கும் மேல்நிலைச் சில்லும்.
3. ராமின் வகை, வேகம், எத்தனை குச்சி.
4. கிராஃபிக்ஸ் கார்டின் நினைவக வகையும், விநாடிக்கு எத்தனை ஜி.பி. என்பதும்.
5. எஸ்.எஸ்.டி.யின் அளவு.
6. எஸ்.எம்.பி.எஸ்.-இன் 12 வோல்ட் ஆம்பியர்.
7. ஒவ்வோர் உறுப்புக்கும் வரிசை எண்ணோடு ரசீது. உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் எந்த ஊரில் கொடுப்பது.

ஏழாவதை எளிதாக எண்ண வேண்டாம். சென்னை ரிட்சி தெருவில் சில நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் பழுதான எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாற்றுவதற்காகப் பொதிகை இரயிலில் ஓர் இரவு போய் மறு இரவு திரும்பினால் அந்த ஆதாயம் பயணச் சீட்டிலேயே கரைந்துவிடும்.

எதைத்தான் வாங்குவது?

குறை மட்டும் சொல்லி முடிப்பது விமரிசனம் ஆகாது. இரண்டு வழிகளைக் கூறலாம்.

பணம் மிகக் குறைவானால், அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த எட்டாம் தலைமுறை மேசைக் கணிப்பொறியைத் தேடலாம். 2018-இல் வந்த ஐ5-8500 சில்லில் ஆறு மையங்கள், ஏ.வி.எக்ஸ்.2 உண்டு, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கிறது. இரண்டு 8 ஜி.பி. குச்சிகளும் ஓர் எஸ்.எஸ்.டி.யும் சேர்த்தால் டிசைன் கற்கப் போதுமானது. ஆனால் ஒல்லியான பெட்டிகளில் உயரம் குறைந்த கார்டுகள் மட்டுமே பொருந்தும், எஸ்.எம்.பி.எஸ்.-உம் அந்நிறுவனத்தின் தனி வடிவில் இருக்கும். விளையாட்டு ஆசை உள்ளவர்கள் அகலமான பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தால், ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே கிராஃபிக்ஸ் அமைந்த சில்லை எடுத்து, தனிக் கார்டு இல்லாமல் தொடங்குவதே அறிவுடைமை. ஆறு மையங்கள், 65 வாட். இரண்டு டி.டி.ஆர்.4 குச்சிகளால் அதற்குக் கிடைக்கும் 51.2 ஜி.பி. பாய்வைப் பிராசஸரும் கிராஃபிக்ஸும் பகிர்ந்துகொண்டாலும், 14.4 ஜி.பி. பாயும் அந்த '4 ஜி.பி. கார்டை' அது எளிதில் வென்றுவிடும். வேலோரன்ட், மைன்கிராஃப்ட் போன்ற ஆட்டங்களை அமைப்புகளைக் குறைத்து வைத்து நன்றாக ஆடலாம். பி550 போன்ற போர்டும் உண்மையான 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.-உம் இருந்தால், டிசைன் வேலையில் வரும் சம்பாத்தியத்தைக் கொண்டே பின்னாளில் ஆர்.எக்ஸ். 6600 போன்ற கார்டைச் சேர்க்கலாம். பிழைப்பு முதலில், பொழுதுபோக்கு அதன் வருமானத்தில்.

மென்பொருளும் செலவுதான். கடையில் இலவசமாக ஏற்றித் தரும் திருட்டுப் பிரதிகளோடு வைரஸும் வரக்கூடும். முறையான திருத்தங்கள் வரமாட்டா. கிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா, பிளெண்டர் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. கற்பதற்கு இவற்றில் தொடங்குவோருக்கு எந்த இழுக்கும் இல்லை.

வெளிவரும் சில்லுகளின் பெயர்கள் ஆண்டுதோறும் மாறும். இக்கட்டுரையில் கூறிய எண்களும் ஒரு நாள் பழையனவாகும். கேட்க வேண்டிய கேள்வி மட்டும் மாறாது. நம் தாத்தாக்கள் குளத்தின் பரப்பைப் பார்த்து மட்டும் நாற்றுப் பாவவில்லை. மடையையும் வாய்க்காலையும் நடந்து பார்த்துவிட்டே ஏர் பூட்டினார்கள். கணிப்பொறி வாங்கச் செல்லும் நம் இளைஞர்களும் 'எத்தனை ஜி.பி.?' என்பதோடு நிறுத்தாமல், 'விநாடிக்கு எத்தனை?' என்று அடுத்த கேள்வியையும் கேட்கட்டும். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால், விற்போரின் அட்டையிலும் அந்த வரி தானாக ஏறும்.